கம்பி போகவில்லை

"கம்பி போகலைம்மா."

இதயக் குழாய்ச் சிகிச்சை நடக்கிற கேத் லேப் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த டாக்டர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டிருந்தார். உடம்பில் இன்னும் அந்தக் கனமான ஈய அங்கி. நெற்றியெல்லாம் வியர்வை. ஏசி ஓடுகிற அறைக்குள் ஒன்றரை மணி நேரம் நின்றவருக்கு இப்படி வியர்த்திருக்கிறதே என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குப் பட்டது. அவர் சொன்னதன் அர்த்தம் மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. அம்மாவுக்கு, அடைத்த இதயக் குழாயை விரித்துப் பிடிக்கிற ஸ்டென்ட்டை வைக்க முடியவில்லை.

பக்கத்தில் நின்ற அப்பா, "அப்ப அடைப்பு அப்படியேவாங்க இருக்கு?" என்று கேட்டார். டாக்டர் தலையை ஆட்டினார். "அப்படியேதான் இருக்குங்க. ஆனா அம்மா நல்லா இருக்காங்க. பைபாஸ் பண்ணிக்கலாம்." அவர் சொன்னதில் 'நல்லா இருக்காங்க' என்பது எங்கள் காதில் ஏறவே இல்லை. 'பைபாஸ்' மட்டும்தான் நின்றது. நெஞ்சைத் திறந்து, அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்குப் புது வழி போடுகிற அறுவை சிகிச்சை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. போன மாதம் என்னோடு வேலை பார்க்கிற ஒருவரின் அப்பாவுக்கும் இதேபோல ஆகி, ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்து அழுதார். அவரிடம் அன்று சொல்லச் சொல்லத்தான் எனக்கே பல விஷயங்கள் தெளிவாயின. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது 61 வயது. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முப்பது வருடத்துக்கு மேல் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை பதினான்கு வருடமாக இருக்கிறது. நெஞ்சு வலி என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. மாடிப்படி ஏறினால் தாடை வலிக்கிறது என்றாள். பல்தான் காரணம் என்று கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினோம். அதன் பிறகும் வலித்தது. இடது தோள்பட்டை பிடிக்கிறது என்றாள். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தாள், பூண்டு சுட்டுத் தின்றாள். கடைசியில் ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையோடு நடந்து வரும்போது, வேப்பமரத்தடியில் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டாள். அப்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பெண்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் இதய வலி இப்படி வேறு வேஷத்தில் வரும் என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் பல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு பிசைகிறது.

ஈசிஜியில் கொஞ்சம் மாற்றம். எக்கோவில் பம்ப்பிங் நன்றாகவே இருந்தது. மாரடைப்பு இல்லை, ஆனால் இதயக் குழாய்க்குள் சாயம் விட்டு எக்ஸ்ரே படம் எடுக்கிற ஆஞ்சியோ பார்த்துவிடலாம் என்றார்கள். மணிக்கட்டு வழியாக, இருபது நிமிட வேலை. சொன்னபடி இருபது நிமிடத்தில் முடிந்தும்விட்டது. ஆனால் அம்மாவை வெளியே கொண்டுவரவில்லை. எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

ஒரு சின்ன அறை, பெரிய திரை. மூன்று குழாய்களிலும் அடைப்பு என்று டாக்டர் காட்டினார். இதயத்தின் முன்பக்கம் இறங்குகிற குழாய் நூறு சதவீதம். வலதுபக்கக் குழாய் தொண்ணூறு. இன்னொரு கிளை எண்பது. "மேஜையிலயே இருக்காங்க. கையோட முன்பக்கக் குழாயைத் திறக்கப் பார்க்கலாம். இன்னொரு தடவை கொண்டுவர வேண்டாமே." தம்பி திருப்பூரில் இருந்தான், போன் எடுக்கவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைத் துணிக்கு வெளியே அம்மாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. மெட்டி கழற்றிய விரல்களில் வெள்ளையாய்த் தடம். நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்த மூன்று நிமிடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கம்பி ஏன் போகவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது புரியாமல்தான் நாங்கள் நாலைந்து நாள் வீணாகப் பயந்து செத்தோம்.

ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் எல்லோருக்கும் பலூனும் ஸ்டென்டும்தான் ஞாபகம் வரும். அவை இரண்டுமே ஒரு மெல்லிய கம்பியின் மேல் ஏறித்தான் உள்ளே போகின்றன. அந்தக் கம்பியின் கனம் 0.36 மில்லிமீட்டர். முதலில் இது அடைப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். போனால்தான் பலூன், பலூன் விரிந்தால்தான் ஸ்டென்ட். எண்பது, தொண்ணூறு சதவீத அடைப்பில் நடுவே மயிரிழை அளவாவது வழி இருக்கும். முழுக்க அடைத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்ட குழாயில் அந்த வழியும் இருக்காது. அடைப்பு சுண்ணாம்பு ஏறிக் கட்டிப்போயிருக்கும். அம்மாவுடையது அப்படிப்பட்டது. எப்போது அடைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை பல்லைப் பிடுங்கிய காலத்திலேயே அடைத்திருக்கலாம்.

ஆஞ்சியோ சிடியை அப்புறம் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். சாயம் கறுப்பாய் ஓடி வருகிறது. முன்பக்கக் குழாயில் ஒரு விரற்கடை இறங்கியதும் வெட்டிய கிளை மாதிரி மொட்டையாய் நின்றுவிடுகிறது. அந்த மொட்டையில் கம்பியின் நுனி போய்ப் போய் முட்டுகிறது, வளைகிறது, திரும்புகிறது. கம்பியை மாற்றுகிறார்கள். இன்னும் விறைப்பான கம்பி. அதுவும் முட்டி, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, குழாயின் சுவருக்குள்ளேயே நுழையப் பார்க்கிறது. அந்த இடத்தில் கம்பி நிற்கிறது. இரண்டு வினாடி. பிறகு மெதுவாகப் பின்னால் வருகிறது. முதல் தடவை பார்த்தபோது ஐயோ என்றிருந்தது. இப்போது பார்த்தால் அந்த இரண்டு வினாடிக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் குழாய் கிழிந்திருக்கலாம், ஓட்டை விழுந்து இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கலாம். அப்படி ஆனால் நடப்பது அவசர பைபாஸ். இன்றைக்கு அந்த நிலைமை நூறில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. வந்தால் அது அம்மாவுக்கு நடந்த மாதிரி நிதானமாக நடக்கிற காரியம் இல்லை.

அதே சிடியில் இன்னொன்றும் இருக்கிறது. வலதுபக்கக் குழாயில் சாயம் விட்டால், கொஞ்ச நேரம் கழித்து, அடைத்துப்போன முன்பக்கக் குழாயின் கீழ்ப்பகுதி மங்கலாகத் தெரிகிறது. மேலிருந்து வழி இல்லாததால் பக்கத்துக் குழாயிலிருந்து நூல் நூலாகக் கிளைகள் தோன்றிக் கீழ்வழியாக ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. கால்வாய் அடைத்தால் பக்கத்து வயலின் வரப்பைக் கசிந்து தண்ணீர் வருமே, அந்த மாதிரி. அந்தக் கசிவில்தான் அம்மா அத்தனை மாதம் அரிசி சுமந்திருக்கிறாள். ஆனால் தண்ணீர் கொடுத்த அந்த வலது குழாயிலேயே தொண்ணூறு சதவீத அடைப்பு. அதுவும் போனால் இரண்டும் போகும். பைபாஸைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் அதுதான்.

சரி, உடனே ஏன் செய்யவில்லை? ஸ்டென்ட் வைப்பதற்காக ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோகிரெல் மாத்திரை நிறையக் கொடுத்திருந்தார்கள். அதன் வேலை உடம்பில் அடங்க ஐந்து நாள் வேண்டும். அதற்குள் நெஞ்சைத் திறந்தால் ரத்தம் நிற்காது. ஆஸ்பிரினை மட்டும் நிறுத்தவில்லை. போதாததற்கு, ஒன்றரை மணி நேரம் விட்ட சாயம் சிறுநீரகத்தைக் கொஞ்சம் பதம் பார்த்திருந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் 1.1 இருந்தது 1.5 ஆனது. அது இறங்கவும் காத்திருக்க வேண்டியிருந்தது.

பைபாஸைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடைப்பட்ட நாட்களைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அறுவை சிகிச்சை நாளைவிட இந்த நாட்கள்தான் கொடுமை. ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாம், "ஆஞ்சியோவே தோத்துப்போச்சாமே" என்று கேட்டுக்கொண்டுதான் வார்டுக்குள் நுழைந்தார்கள். பெரியப்பா மகன் ஒருவர் அம்மாவுக்கு முன்னாலேயே, "ஸ்டென்ட்டுக்கே தாங்காத குழா, ஆபரேஷனுக்குத் தாங்குமா?" என்றார். அவரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் என்ன பேசினேன் என்று இங்கே எழுத வேண்டாம்.

இரண்டாம் நாள் ராத்திரி விளக்கணைத்த பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஏத்தா... நான் அசைஞ்சிட்டேனோ?"

எனக்குப் புரியவில்லை.

"படுத்திருக்கும்போது இருமல் வந்துச்சு. அடக்கிப் பார்த்தேன், முடியல. அதான் கம்பி தப்பிப்போயிருச்சோ?"

இரண்டு நாளாக அவள் வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது வலியால் இல்லை. தன்னால்தான் கெட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எத்தனை பேர் எத்தனை படுக்கைகளில் இப்படி நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்களோ.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "நீங்க அசையவே இல்லைம்மா. நீங்க இருந்த மாதிரி யாரும் இருக்க மாட்டாங்க. கம்பி போயிருந்தா நல்லது. போகலை. இதுக்கு மேல தள்ளினா உங்களுக்கு ஆபத்துன்னு நான்தான் நிறுத்தினேன்." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு காபி வேண்டும் என்று கேட்டாள்.

இந்தத் 'தோல்வி' என்ற சொல்மேல் எனக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். ஆஞ்சியோபிளாஸ்டியின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற டாக்டர் 1977 செப்டம்பர் 16-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் முதன்முதலில் ஒரு நோயாளியின் இதயக் குழாயைப் பலூனால் விரித்தார். இரண்டு வருடம் கழித்துத் தன் முதல் ஐம்பது நோயாளிகளைப் பற்றி அவரே எழுதினார். அதில் பலூன் வேலை செய்தது 32 பேருக்கு. ஐந்து பேருக்கு அவசரமாக பைபாஸ் செய்ய வேண்டி வந்தது. மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் பலூன் சிகிச்சை நடக்கிற நேரத்தில் அறுவை சிகிச்சைக் குழுவும் தயாராகக் காத்திருக்கும். முடியாவிட்டால் இந்தப் பக்கம் வா என்று ஒரு கதவு திறந்தே இருந்ததால்தான் பலூனே வளர்ந்தது. பைபாஸ் அதற்குப் பத்து வருடம் மூத்தது. கால் நரம்பை (எங்கள் பக்கம் ரத்தக்குழாயையும் நரம்பு என்றுதான் சொல்வோம்) எடுத்து இதயத்தில் வைத்து 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் இதை நிலைநிறுத்திய ரெனே ஃபவலோரோ, அர்ஜென்டினாக்காரர். அப்பா தச்சர், அம்மா தையல் வேலை செய்தவர். அமெரிக்கா போவதற்கு முன் பன்னிரண்டு வருடம் தன் நாட்டில் ஒரு கிராமத்தில் வைத்தியம் பார்த்திருக்கிறார். எட்டு வருடம் கழித்து, 1975-இல், இந்தியாவில் முதன்முதலில் வெற்றிபெற்ற பைபாஸை டாக்டர் கே. எம். செரியன் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்தார். நம் சென்னையில். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "பெரம்பூரா? ரயிலாஸ்பத்திரியா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். அவளுடைய சித்தப்பா அங்கே கேங்மேனாக இருந்தவர். அதிலிருந்து அவளுக்கு பைபாஸ் கொஞ்சம் சொந்தக்காரர் வீட்டு விஷயமாகிவிட்டது.

இப்போது அந்த மூன்று நிமிடம்.

காத்திருந்த நாட்களில் சிடியை எடுத்துக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒரு மூத்த அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கப் போனேன். (சிடியையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். அது உங்களுடையது.) அவர் சிடியை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இருக்கு, மூணு குழாயும் போயிருக்கு, முன்பக்கம் முழுசா அடைச்சிருக்கு. எங்கிட்ட முதல்லயே வந்திருந்தா பைபாஸ்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. 2012-இல் வெளியான ஃப்ரீடம் என்ற பெரிய ஆய்வைப் பற்றிச் சொன்னார். சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு உள்ள 1,900 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஸ்டென்ட், பாதிப் பேருக்கு பைபாஸ். ஐந்து வருடக் கணக்கில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9 சதவீதம். பக்கவாதம் மட்டும் பைபாஸ் பக்கம் அதிகம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. கம்பி போயிருந்தால் நாங்கள் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்போம். அவளுக்கு எது நல்லது என்ற கேள்வியையே யாரும் கேட்டிருக்க மாட்டோம். அந்த அறையில் இருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒரு பெண்மணி மேஜையில் கிடக்க, வீட்டாரைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, இப்பவே சொல்லுங்கள் என்று கேட்பது சரியான முறை இல்லை. மாரடைப்பு வந்து நிமிடத்துக்கு நிமிடம் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்போது பேச்சுக்கே இடமில்லை, உடனே கையெழுத்துப் போட வேண்டியதுதான். அப்போது அந்தக் கம்பிதான் உயிர். அம்மாவுக்கு அந்த அவசரம் இருக்கவில்லை. 'வெளியே கொண்டுவாங்க டாக்டர், நாளைக்குக் காலைல உட்கார்ந்து பேசுவோம், ஒரு சர்ஜனையும் கூப்பிடுங்க' என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அந்த நாட்களில் அப்பா வேறொரு ஓட்டம் ஓடினார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல், அனுமதி வரும்வரை காப்பீட்டுக் கவுண்டரில் தவம். தம்பி ரத்தத்துக்கு அலைந்தான். எங்கள் ஊர் கபடிப் பையன்கள் ஐந்து பேர் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஐந்து பேரும் சின்ன வயதில் அம்மாவின் கையால் சோறு வாங்கித் தின்றவர்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. அம்மா தாலியைத் தானே கழற்றி அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வளையல், தோடு எல்லாம் வந்துவிட்டன. மூக்குத்தி வரவில்லை. பதினாறு வயதில் போட்டது, நாற்பத்தைந்து வருடமாகக் கழற்றியதில்லை. உள்பக்கத் திருகு இறுகிப்போய் மூக்கோடு மூக்காகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தோம். சோப்பு நுரை வைத்துப் பார்த்தோம். கடைசியில் வயதான சிஸ்டர் ஒருவர் வந்தார். தையல் நூலைத் திருகில் இரண்டு சுற்றுச் சுற்றி, அம்மாவின் தலையைத் தன் இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, துளித்துளியாகத் திருப்பினார். கால் மணி நேரம். கழன்று வந்தபோது அந்த இடத்தில் சின்னதாய் ஒரு கறுப்புக் குழி. அம்மா கண்ணாடி கேட்டாள். பார்த்துவிட்டு, "எங்க அம்மா மாதிரி இருக்கேன்" என்றாள். பாட்டி மூக்குத்தி இல்லாமல் செத்துப்போனவள். மூக்குத்தியை மாத்திரைக் கவர் ஒன்றில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன்.

காலை ஏழரைக்கு உள்ளே போனவள், மதியம் ஒன்றேகாலுக்குத்தான் முடிந்தது என்று சொன்னார்கள். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே, நுரையீரல்-இதய இயந்திரம் வைக்காமல் செய்திருந்தார்கள். மூன்று இணைப்பு. முன்பக்கக் குழாய்க்கு நெஞ்சுக்கூட்டின் உள்பக்கம் ஓடுகிற தமனி. மற்ற இரண்டுக்கும் இடது காலிலிருந்து எடுத்த நரம்பு. நெஞ்சுத் தமனி வைத்தால் பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் பத்தில் ஒன்பது பேருக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்றும், கால் நரம்பு பத்து வருடத்தில் பாதி அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும் என்றும் சர்ஜன் சொன்னார். அதனால்தான் நல்லதை முக்கியமான குழாய்க்கு வைக்கிறார்கள். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத குழாயில், தலைமயிரைவிட மெல்லிய நூலால், துடிக்கிற இதயத்தின் மேல் தைப்பது. தையற்காரியின் மகன் ஒருவர் இதற்கு வழி செய்தார் என்பது எனக்கு அப்போது ரொம்பப் பொருத்தமாகப் பட்டது.

மறுநாள் காலை, மூச்சுக்காகத் தொண்டையில் வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள், பேசுகிறாள் என்றார்கள். ஐசியுவில் ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். என்னைப் பார்த்ததும், "முட்டை எண்ணியாச்சா?" என்றாள்.

"என்னம்மா?"

"நூத்திப் பன்னெண்டு வரணும். ஆறு குறையுது. பிள்ளைக வந்துரும்."

பயந்துவிட்டேன். மயக்கமும் வலி மருந்தும் ராத்திரி பகல் தெரியாத வெளிச்சமும் சேர்ந்து வயதானவர்களுக்கு இப்படி ஆகும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அங்கிருந்த சிஸ்டர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், "எண்ணிட்டேன்மா, சரியா இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சிஸ்டருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும்.

மூன்றாம் நாள் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியது. மானிட்டர் கத்திக்கொண்டே இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் நாலில் ஒருவருக்காவது இது வரும். மருந்து ஏற்றினார்கள், ஒன்றரை நாளில் அடங்கியது. பிறகு வார்டு. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுக்க வேண்டும். முதல் நாள் ஒரு பந்து பாதி எழும்பியது. தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமச் சொன்னார்கள். அப்படிச் செய்யாவிட்டால் கம்பி போட்டுக் கட்டிய நெஞ்செலும்பு பிரிகிற மாதிரி வலிக்கும். ஒவ்வொரு இருமலுக்கும் அம்மா முதலில் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு தலையணையை இறுக்குவாள், பிறகுதான் இருமுவாள்.

பெண்களுக்காக ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மார்பின் பாரம் தையலை இரண்டு பக்கமும் இழுக்கும். அம்மாவுக்குத் தையலின் கீழ் முனையில் ஈரம் கசிய ஆரம்பித்தது. டிரெஸ்ஸிங் பண்ண வந்த மூத்த சிஸ்டர்தான் கதவைச் சாத்திவிட்டு, முன்பக்கம் கொக்கி வைத்த, கம்பி இல்லாத பருத்தி உள்ளாடை வாங்கி ராத்திரியும் பகலும் போட்டுவிடச் சொன்னார். அன்றைக்கே மாசி வீதியில் அலைந்து வாங்கினேன். இரண்டே நாளில் கசிவு நின்றது. இடது மார்புப் பக்கம் மரத்துப்போனது போல இருக்கிறது என்று அம்மா மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். தமனி எடுத்த பக்கம் அப்படித்தான் இருக்குமாம். கூச்சத்தில் அவள் டாக்டரிடம் கேட்கவே இல்லை, நான்தான் கேட்டேன். நெஞ்சைவிடக் கால்தான் அவளைப் படுத்தியது. நரம்பெடுத்த காலில் சாயங்காலமானால் வீக்கம். ஸ்டாக்கிங் போடும்போதெல்லாம் அப்பாதான் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொள்வார். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் அவள் காலைத் தொட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

ஆறு வாரம் வாளி தூக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கக் கூடாது, இரண்டு கையையும் ஊன்றி எழக் கூடாது. அவள் அழுததும் அந்த ஆறு வாரத்தில்தான். காரணம் கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். இதயத்தில் கத்தி வைத்தவர்கள் பலருக்கும் இப்படி மனசு தளரும் என்று டாக்டர் சொன்னார், மாத்திரை வேண்டாம், தினமும் நடக்கட்டும் என்றார். முதலில் வாசல் வரை. பிறகு பிள்ளையார் கோயில் வரை. எட்டாவது வாரம் அந்த வேப்பமரத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் வரை போய் வந்தாள். தாடை வலிக்கவில்லை.

மூன்றாம் மாதம் செக்கப்புக்குப் போனபோது, கம்பி போகவில்லை என்று சொன்ன அதே டாக்டரிடம் காட்டினோம். எக்கோ நன்றாக இருந்தது. கிளம்பும்போது அம்மா, "டாக்டர், மூக்குத்தி போட்டுக்கிடலாமா?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அந்தக் கதை தெரியாது. ரத்தம் கட்டாமல் இருக்கிற மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது, புதிதாகக் குத்த வேண்டாம், பழைய துவாரத்தில் தானாகப் போனால் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

துவாரம் பாதி தூர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அப்பா புது விளக்குமாற்றிலிருந்து ஒரு மெல்லிய ஈர்க்கை ஒடித்து, நான் சொன்னேன் என்பதற்காக வெந்நீரில் போட்டெடுத்து, எண்ணெய் தடவி அதில் செருகிவைத்திருந்தார். அதனால் முழுக்கத் தூராமல் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் திண்ணையில் உட்கார வைத்து, மாத்திரைக் கவரிலிருந்து மூக்குத்தியை எடுத்து நான் போட்டுவிடப் பார்த்தேன். நுனி உள்ளே போனது. பாதியில் நின்றது. லேசாக அழுத்தினேன். அம்மாவின் கண்ணில் தண்ணீர் கட்டியது, ஆனால் அசையவில்லை.

"போகலையா?" என்றாள்.

"கொஞ்சம்தாம்மா இருக்கு. இன்னும் லேசா..."

என் கையைப் பிடித்து விலக்கினாள். "போகலைன்னா எடுத்துரு. நாளைக்கு இன்னும் கொஞ்சம் கனமான ஈர்க்கு வச்சுப் பார்ப்போம்."

எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் மறுபடியும் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விளக்குமாற்றைத் தேடி எழுந்து போனார்.